நாற்பத்தொன்றாம் படம்

உதியன்குளங்கரை ஜங்ஷனில் ரதீஷைத் தெரியாதவர்கள் குறைவு. அவன் பேசிக் கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. கல்லுளிமங்கன் என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அதற்கும் ஒரு சிரிப்புதான் பதில். அவனிடம் போன விஷயம் வெளியே வராது என்பதால், ஊரில் பாதிப் பேர் தங்கள் ரகசியங்களைக் கொண்டுபோய் அவனிடம் கொட்டினார்கள். யார் வீட்டு ஜாதகம் திருத்தப்பட்டது, யாருடைய மகன் கல்ஃபில் வேலை போய் அறையில் சும்மா கிடக்கிறான், எல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்து யாருக்கு என்ன புண்ணியம்?

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்ததும் ஜங்ஷனில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தான். கல்யாண ஆல்பம் செய்கிற வேலை. மணப்பெண்ணின் முகப்பருவை எடுப்பது, மாப்பிள்ளையின் தொப்பையை உள்ளே தள்ளுவது எல்லாம் அங்கே யாரும் செய்வார்கள். ரதீஷின் கை தேர்ந்தது வேறொன்றில். லீவு கிடைக்காமல் துபாயிலேயே நின்றுவிட்ட அண்ணனையும், முந்தின வருடம் செத்துப்போன அப்பாவையும் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, பக்கத்தில் நிற்பவர் தோளில் நிழல் எவ்வளவு சாய வேண்டும் என்று மணிக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்வான். அன்றைக்கு அப்பா நிஜமாகவே வந்திருந்தாரோ என்று ஒரு பெண் ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

அவனுடைய சொந்த அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, காரக்கோணம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை மட்டும் தனியே அழைத்து, கணையத்தில் புற்று, நாலு மாதம் தாங்கினால் அதிகம் என்றார். யாரிடமும் சொல்வதில்லை என்று ரதீஷ் அவனாகவே முடிவு செய்தான். வீட்டில் அல்சர் என்றான். அம்மா ஓமனக்குட்டி, கஞ்சியைக் குடிக்காமல் மிச்சம் வைக்கிறாரே என்று கடைசி வாரம் வரை அப்பாவை ஏசிக்கொண்டிருந்தாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு உண்மை தெரிந்தபோது அவள் அழவில்லை. தெரிந்திருந்தால் நான் ஏசாமல் இருந்திருப்பேனே என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, ஒரு மாதம் மகனோடு பேசாமலிருந்தாள். ஊர்க்காரர்களோ, இத்தனை பெரிய பாரத்தை ஒற்றையாகச் சுமந்திருக்கிறானே என்று மெச்சினார்கள். அந்த மெச்சல் அவனுக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முப்பது வயதுக்கு மேல் அவனுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு வானியல் ஆய்வு நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. காலையில் பாறசாலையிலிருந்து பாசஞ்சர், மாலையில் அதே பாசஞ்சரில் திரும்பல். அங்கே பேராசிரியர் சிவதாணு என்று ஒருவர், நாகர்கோவில்காரர், கரும்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்.

கரும்பொருள் என்றால் என்ன என்று ரதீஷ் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டது இவ்வளவுதான். விண்மீன் திரள்கள் சுற்றுகிற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களின் எடை மட்டும்தான் என்றால் அவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. ஆகவே தெரியாத எடை ஒன்று உண்டு. அது ஒளி விடாது, ஒளியை மறைக்கவும் செய்யாது. ஆனால் எடை இருப்பதால் பக்கத்தில் போகிற ஒளியை வளைக்கும். வெகு தூரத்திலுள்ள ஒரு திரளின் ஒளி, நடுவில் நிற்கிற இன்னொரு திரளைக் கடந்து வரும்போது வளைந்து, நம் படத்தில் ஒரு வில்லாக விழும். அந்த வில்லில் ஒரு இடத்தில் சின்ன நெளிவு இருந்தால், அங்கே கரும்பொருள் கட்டியாகக் குந்தியிருக்கிறது என்று அர்த்தம்.

இதுவரை எல்லோரும் வில்லின் வெளிச்சத்தை மட்டும் வைத்துத் தேடினார்கள். நெளிவு கட்டியினால் வந்ததா, பின்னாலுள்ள திரளே கோணலா என்ற சண்டை தீர்ந்தபாடில்லை. சிவதாணுவின் ஆட்கள் புதிதாக ஒன்று செய்தார்கள். வில்லின் ஒவ்வொரு புள்ளியிலும் வாயு என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதையும் அளந்து சேர்த்துக்கொண்டார்கள். சுற்றுகிற பொருளின் வேகம் ஒழுங்காக மாறிக்கொண்டு போகும். ஒரு இடத்தில் மட்டும் அது தப்பினால் அங்கே கட்டி இருக்கிறது. இந்த வழியில் மிகச் சின்னக் கட்டிகளும் பிடிபடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிடித்துக் குறித்துக்கொண்டே போனால் கரும்பொருளுக்கே ஒரு வரைபடம் வந்துவிடும்.

ஆனால் ஏழு வருடம் ஒன்றைத் தேடுகிறவர்களுக்கு அது இல்லாத இடத்திலும் தெரிய ஆரம்பிக்கும். அதற்காக அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. மொத்தம் அறுபது படங்கள். அதில் ஐந்தில் பொய்க் கட்டிகளைச் செருகிவிடுவார்கள். எந்த ஐந்து என்பது செருகினவனுக்கு மட்டும் தெரியும்; பேராசிரியருக்கும் தெரியாது. தேடுகிறவர்கள் எல்லாப் படங்களையும் ஒன்றுபோலத் தேடி முடித்த பிறகு, குறித்த நாளில் பட்டியல் வாசிக்கப்படும். அதைப் பெட்டி திறக்கிறது என்பார்கள். அதற்குமுன், தேடல் முடிந்த பிறகானாலும் சரி, ஒரே ஒரு எண் தேடுகிறவர் காதில் விழுந்தால்கூட அறுபது படமும் பாழ். வேறு அறுபதுக்குத் தொலைநோக்கியில் நேரம் வாங்கி முதலிலிருந்து தொடங்க இரண்டு வருடமாவது ஆகும்.

செருகுகிற வேலைக்குச் சிவதாணு, எல்லோருக்கும் தெரியவே, ரதீஷைத்தான் கூப்பிட்டார். ஸ்டுடியோ கதை அவருக்குத் தெரியும். இல்லாதவர்களை நிறுத்திப் பழகின கை, அதோடு பூட்டுப்போட்ட வாய், இரண்டும் ஒரே ஆளிடம் எங்கே கிடைக்கும் என்று சிரித்தார். நாலு கட்டிகளைச் சாதாரணமாகச் செய்யச் சொன்னார். ஐந்தாவது மட்டும் பிடிபடுமா படாதா என்ற எல்லையில் இருக்க வேண்டும், புதிய வழி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கத்தான். கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர் போட்டுவிடும், ஆனால் எந்த இடம், எவ்வளவு எடை என்பது ரதீஷ் கையில். ஐந்தாவதை நாற்பத்தொன்றாம் படத்தில் வைத்தான். பதினொரு நாள் எடுத்துக்கொண்டான். செய்து முடித்ததும், அப்பாவைப் படத்தில் பார்த்து அந்தப் பெண் அழுதபோது வந்த அதே சந்தோஷம் அவனுக்கு வந்தது.

அதைக் கண்டுபிடித்தது ஜினி.

ஜினி பாறசாலைக்குப் பக்கத்தில் இஞ்சிவிளைக்காரி, ரப்பர் மரத்தில் வெட்டுப் போட்டுப் பால் எடுக்கிற ஞானையனின் ஒரே மகள். எம்.எஸ்ஸியில் ரேங்க் வாங்கினவள். ஆய்வில் சேர்ந்து ஏழு வருடம் முடிந்து, வயது முப்பத்துமூன்று. ரதீஷ் போகிற அதே பாசஞ்சரில்தான் அவளும். பாறசாலையில் ஏறியதும் பேசத் தொடங்கினால் நேமம் வரைக்கும் நிறுத்தமாட்டாள். இவனும் கேட்டுக்கொண்டே வருவான். அண்ணா என்றுதான் அவனைக் கூப்பிடுவாள்.

தேடல் முடிந்தபோது மொத்தம் ஆறு படங்களில் கட்டி அகப்பட்டிருந்தது. எட்டு, பதினேழு, இருபத்தொன்பது, ஐம்பத்திரண்டு: இந்த நாலும் சுலபமாகப் பிடிபட்டவை, செருகினவையாகத்தான் இருக்கும் என்று எல்லோருமே ஊகித்தார்கள். மிச்சம் இரண்டு. முப்பத்துமூன்று, அபின் என்ற இளைய ஆய்வாளன் பிடித்தது. நாற்பத்தொன்று, ஜினி பிடித்தது. செருகினவை ஐந்துதான் என்பதால் இதில் ஒன்றாவது நிஜம். அதுவரை உலகத்தில் யாரும் பிடிக்காத அளவுக்குச் சின்னதான, நிஜமான கரும்பொருள் கட்டி. அதைப் பிடித்தவருக்கு மூன்று வருட வேலை தருவதாக வெளிநாட்டு ஆய்வு நிலையம் ஒன்று முன்பே சொல்லியிருந்தது.

ஜினிக்குச் சந்தேகமே இல்லை. இவ்வளவு சின்னதை யாராவது மெனக்கெட்டுச் செருகுவார்களா, செருகினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று ரயிலில் இவனிடமே கேட்டாள். வேகம் தப்புகிற இடத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டி, இது மனுஷன் செய்கிற காரியமில்லை என்றாள். ரதீஷ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஒருநாள் ஏமாறுவாள், அழுவாள், தேறிக்கொள்வாள். ஆனால் அதே சமயத்தில்தான் கேரள அரசுத் தேர்வாணையமான பி.எஸ்.சி.யிலிருந்து நியமன உத்தரவு வந்தது. மலப்புறம் ஜில்லாவில் ஹைஸ்கூல் டீச்சர், பௌதிகம். எப்போதோ எழுதிப் போட்ட பரீட்சை. ஞானையன் சபையில் ஸ்தோத்திரம் சொல்ல வைத்தார். ஜினி ஒரு தடவை நாள் நீட்டிப்பு வாங்கினாள். இனி நீட்டிப்பு கிடையாது. சேர வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பெட்டி திறக்கிறது அதற்கு மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை. சேர்ந்தால் உடனே லீவு கிடைக்காது, ஆய்வை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். சேராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அடுத்த பட்டியல் எந்தக் காலத்தில் வரும், அதில் இவள் பெயர் இருக்குமா என்பதெல்லாம் கடவுளுக்கே வெளிச்சம். நான் போகப்போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? பாதிரியார் சொன்னார், சித்தி சொன்னாள், சாயாக்கடைக்காரர் சொன்னார், அபினே சொன்னான். போ, போ, கிடைத்த சர்க்கார் வேலையை விடாதே. ரதீஷ் மட்டும் சொல்லவில்லை. மற்றவர்கள் போ என்றால் அது புத்திமதி. இவன் போ என்றால் அது பட்டியல். அந்த ஒரு சொல்லிலேயே நாற்பத்தொன்று பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அறுபது படமும் பாழாகும், அபினுடைய நிஜமான கட்டியும் அதோடு போகும். இப்படித்தான் அவன் யோசித்தான். யோசனையில் தப்பு இருந்ததாக எனக்கும் தோன்றவில்லை. ஆனாலும் அவனைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம் போலத்தான் இருக்கிறது.

கடைசி வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஞானையன் அவன் வீட்டுக்கே வந்துவிட்டார். முட்டு தேய்ந்து, காலை இழுத்து இழுத்து நடக்கிற மனுஷன், பஸ் ஏறி வந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவ உனக்க பேச்சு கேப்பா, மக்கா," என்றார். "எனக்கு முட்டு போச்சு. இன்னும் எத்தற நாளு மரம் வெட்டுவேன்? எனக்குப் பொறவு அவளுக்கு ஆரு உண்டு? நீ போண்ணு ஒரு வாக்கு சொல்லு. அது போதும்."

ரதீஷ் தரையைப் பார்த்தான். "அவ படிச்ச பிள்ளையாக்கும் மாமா. நான் என்ன சொல்லதுக்கு?"

ஞானையன் முட்டில் கையை ஊன்றிப் படியிறங்கிப் போனார். அவர் ரோட்டுக்குப் போய்ச் சேரும்வரை ரதீஷ் கதவுக்குப் பின்னால் நின்றான். ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும் என்று கால் பரபரத்தது.

திங்கட்கிழமை சிவதாணுவிடம் போய், பெட்டியைக் கொஞ்சம் முன்னாலேயே திறக்க முடியுமா, வியாழனுக்குள், என்று கேட்டான். எதற்கு என்று கேட்கும்போதே அவர் முகம் மாறியது. நீ ஒன்றும் சொல்லாதே, நானும் எதுவும் கேட்கவில்லை, வெளியூரிலிருந்து வருகிற நடுவர் அடுத்த திங்களன்றுதான் வந்து சேர்வார் என்று சொல்லி, கையால் கதவைக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை இடது கையால் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினான். வேலையில் சேர்ந்துவிடு என்று ஒரே வரி. அவளுக்கு யாருடைய வேலை என்று தெரியாமலா போகும் என்று கிழித்துப் போட்டான். மத்தியானம் அந்தப் பட்டியலைத் திரையில் திறந்து வைத்துவிட்டு சாயா குடிக்கப் போனான். அவள் அந்தப் பக்கம் வந்தால் பார்க்கட்டும், கவனக்குறைவு என்று வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்பட்டும் என்று நினைத்தான். சாயாவைப் பாதியிலேயே வைத்துவிட்டு ஓடிவந்து மூடினான். அறைக்குள் யாரும் வந்திருக்கவில்லை. வந்திருக்கக் கூடாதா என்று அதற்கும் அழுகை வந்தது.

புதன்கிழமை சோறு இறங்கவில்லை. என்னவென்று கேட்ட அம்மாவிடம் வயிற்றுவலி என்றான். ஓமனக்குட்டி தட்டை எடுத்துக்கொண்டே, "உனக்க அப்பனுக்குச் சொன்ன அதே வயித்துவலிதானா?" என்று கேட்டாள். அவன் கை கழுவப் போய்விட்டான்.

வியாழக்கிழமை மாலை பாசஞ்சரில் ஜினி எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். மலப்புறம் போவதென்றால் அன்று ராத்திரி ரயில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவுதான். நெய்யாற்றின்கரை வரை அவள் ஒன்றும் பேசவில்லை, அது வழக்கமே இல்லை. அங்கே கூட்டம் இறங்கியதும் முன்னால் குனிந்து, "நான் என்ன செய்யட்டும் அண்ணா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அடுத்த ஸ்டேஷன் அமரவிளை வந்ததும் சொல்லிவிடுவது என்று ரதீஷ் நினைத்தான். அமரவிளை போயிற்று. தனுவச்சபுரத்தில் சொல்லலாம். அதுவும் போயிற்று. அபினின் முகம், அறுபது படங்கள், சிவதாணு கதவைக் காட்டிய கை, எல்லாம் வந்து வந்து நின்றன. வேண்டாம், நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருப்பதுதான் நியாயம் என்று கண்ணை மூடிக்கொண்டான். வண்டி பாறசாலையில் நின்றது. ஜினி எழுந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது, சிரிக்கக்கூடச் செய்தாள். "சரி அண்ணா, நான் வாறேன்," என்று இறங்கிப் போனாள். அந்தச் சிரிப்பு ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி ஐந்தடித்தது. அவள் அன்றைக்கும் ஆய்வு நிலையத்தில்தான் இருந்தாள்.

திங்களன்று எல்லோரும் கூடினார்கள். நடுவர் உறையைப் பிரித்துக் காகிதத்தை ரதீஷிடமே கொடுத்தார், செருகினவன் வாயால் வாசிப்பதுதான் முறை என்று. எட்டு என்றான். பதினேழு. இருபத்தொன்பது. ஐம்பத்திரண்டு. ஐந்தாவதற்கு முன்னால் தண்ணீர் கேட்டுக் குடித்தான். நாற்பத்தொன்று என்றான்.

அபின் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான். எல்லோரும் கைதட்டினார்கள். சிவதாணுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு சின்னக் கட்டியையும் புதிய வழி பிடித்துவிட்டது என்றால் அதற்குக் காரணம் ஜினியின் திறமை, நாற்பத்தொன்று இல்லாவிட்டால் முப்பத்துமூன்றை உலகம் நம்பாது என்று அவளைப் புகழ்ந்து பேசினார். ஜினியும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தாள்.

மாலை பாசஞ்சரில் அவள் வேறு பெட்டியில் ஏறுவாள் என்று அவன் நினைத்தான். எதிரில்தான் வந்து உட்கார்ந்தாள். குரலில் கோபமே இல்லை.

"எல்லாரும் போ போண்ணு சொன்னாவ. அண்ணன் மட்டும் சொல்லேல்ல," என்றாள். "அது நீங்க வச்ச கட்டி எண்ணா எப்பிடியும் என்னட்ட சொல்லிருவிய, உங்களுக்கு மனசு கேக்காது எண்ணு நினச்சேன். வியாழாச்ச நீங்க மிண்டாம இருந்தப்பம், அப்பம் என்னது நிஜம்தான் எண்ணு எனக்கு உறப்பாச்சு. அதுனாலயாக்கும் நான் போவாம இருந்தது."

ரதீஷ் ஒரு வாரமாகப் பல்லைக் கடித்துக் காத்த மௌனத்தைத்தான் அவள் அவன் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். சொல்லியிருந்தால் படங்கள் மட்டும் பாழாகியிருக்கும், அவள் வேலை தப்பியிருக்கும். உங்க முகத்த நோக்கி நான் கேட்டதும் தப்புதான், அந்த வழக்கத்துல அதும் கூடாது என்று அவளே சொன்னாள். அவன் நீ போயிருக்கணும் ஜினி என்றான். இரண்டு தடவை சொன்னான். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாறசாலை பிளாட்பாரத்தில் ஞானையன் நின்றிருந்தார். பெட்டி திறக்கிற நாள் என்று மகளை அழைத்துப்போக வந்திருக்கிறார். சபைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு முடியாது என்று சொல்லிவிட்டு ஜினி தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள்.

இப்போது சொல்வதற்குத் தடை ஒன்றும் இல்லை. ரதீஷ் சொன்னான். அபினுடையதுதான் நிஜம், ஜினியுடையது நான் செய்து வைத்தது என்று, நின்ற இடத்திலேயே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

ஞானையன் முட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பி, கடைசிப் பெட்டியும் போய் முடிந்தது.

"அண்ணு நான் உனக்க வீட்டுக்கு வந்தப்பம் இது உனக்குத் தெரியுமா, மக்கா?"

"தெரியும்," என்றான் ரதீஷ்.